லிமிட் = லிமிட்

அந்த வரியை நான் தேடிப் போகவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்து. திரையில் ஒரு பட்டன் பச்சையாக வராமல் சாம்பலாக வருகிறது என்று ஒரு புகார், அதைச் சரிசெய்யத்தான் கோப்பைத் திறந்தேன். மௌஸ் சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாக உருட்டிவிட்டேன். நாற்பது வரி தாண்டிப் போய் நின்றது. அங்கே இருந்தது.

லிமிட் = லிமிட்;

முதலில் சிரிப்புதான் வந்தது, சத்தியமாக. எந்த அறிவாளி எழுதியது என்று பார்க்க ஓரத்தில் தட்டினேன். என் பெயர் வந்தது. தேதி, இரண்டு மாதத்துக்கு முன்னால்.

சிரிப்பு அப்படியே வாயில் நின்றுவிட்டது.

நாங்கள் எழுதுவது டயாலிசிஸ் இயந்திரத்துக்கான நிரல். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, சுத்தம் பண்ணி, உடம்பில் தேங்கிய நீரை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்புகிற இயந்திரம். திங்கள், புதன், வெள்ளி, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என் அப்பா அதில்தான் உட்கார்ந்திருப்பார். 'எம் பொண்ணு பண்ண மெஷின்' என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னேன் இல்லையா.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சின்ன விஷயம். எங்கள் நிரலில் ஒவ்வொரு இயந்திரமும் ஒரு வீடு மாதிரி. அந்த வீட்டில் லிமிட் என்று ஒருத்தர் குடியிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் எத்தனை மில்லி நீர் எடுக்கலாம் என்ற எண் அவர் கையில் இருக்கும். நர்ஸ் புது எண்ணைத் தட்டினால், அதைத் தூக்கிக்கொண்டு வெளியிலிருந்து ஒரு விருந்தாளி வருவார், வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அந்த விருந்தாளியைத்தான் நாங்கள் பாராமீட்டர் என்போம். அவருக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் எங்கள் தொழிலில் ஊர்ப்பட்ட சண்டை. எங்கள் அலுவலகத்து வழக்கம், விருந்தாளி பெயருக்கு முன்னால் ஒரு 'பி' போட வேண்டும். பி_லிமிட். பி_நேரம். பி_எடை. முன்னூற்றுப் பன்னிரண்டு இடத்தில் பி.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் சீனியர். பெரிய மீசைக்காரர். எல்லார் நிரலிலும் நொட்டை சொல்வதால் அவருக்கு அலுவலகத்தில் பெயர் மாமியார். அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். எனக்கு அவர் வைத்த பெயர் சரவெடி. ஆரம்பித்தால் நிறுத்தாமல் பேசுவேனாம்.

"சார், சட்டை மேல 'இது சட்டை'ன்னு எழுதிக்கிட்டு யாராச்சும் போவாங்களா?" என்று நான்தான் சண்டையை ஆரம்பித்தேன்.

"தொலஞ்சிடாம இருக்கணும்னா போவாங்க."

"எங்க பாத்தாலும் பி, பி. படிக்கறப்ப எனக்கே பிபி ஏறுது சார்."

"எடுத்துட்டா வீட்டுக்காரனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே பேராயிடும்மா. யாரக் கூப்பிட்ட, யாரு திரும்பினான்னு தெரியாது."

"அதுக்குத்தானே 'திஸ்' இருக்கு? வீட்டுக்காரன் பேருக்கு முன்னாடி 'திஸ்' போட்டா அவன் திரும்பப் போறான். இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. நீங்க இன்னும் கட்டை வண்டி ஓட்டறீங்க."

சுற்றியிருந்தவர்கள் 'ஓ' என்று கத்தினார்கள். மாமியார் மீசையைத் தடவிக்கொண்டே, "பண்ணு," என்றார். "ஆனா ஒண்ணொண்ணா கண்ணால பாத்துப் பண்ணு. மொத்தமா மாத்தாத."

மொத்தமாகத்தான் மாற்றினேன். ஒரே தட்டு, முன்னூற்றுப் பன்னிரண்டு பி-யும் காலி. அதற்கப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் 'திஸ்' போட்டேன். முன்னூற்றுப் பதினொன்றுக்குப் போட்டிருக்கிறேன் போல.

'திஸ்' இல்லாமல் லிமிட் என்று கூப்பிட்டால், பக்கத்தில் நிற்கிற விருந்தாளிதான் திரும்புவார். லிமிட் = லிமிட் என்றால், விருந்தாளி தன் வலது கையில் இருப்பதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்காரருக்குத் தகவலே போகாது. பிழை என்று சிவப்பு எழுத்து வராது, எதுவுமே வராது. வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து கையில் வைத்திருக்கிற எண்ணோடு அப்படியே உட்கார்ந்திருப்பார்.

அந்த எண் தொள்ளாயிரம்.

சோதனையில் எப்படித் தப்பியது? சோதனைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதையும் நான்தான் எழுதியிருந்தேன். லிமிட்டைத் தொள்ளாயிரம் ஆக்கு, தொள்ளாயிரம் ஆகியிருக்கிறதா பார். ஆகியிருந்தது. முன்னாலேயே அதுதானே இருந்தது! பச்சை டிக் விழுந்தபோது நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன், இப்போதும் ஞாபகம் இருக்கிறது. இந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் இந்தப் பதிப்பு இருபத்துமூன்று சிகிச்சை மையங்களுக்குப் போனது. கேக் வாங்கிக் கொடுத்தேன்.

அப்பாவின் லிமிட் ஐந்நூறு. இதயம் பலவீனம், வேகமாக நீரை எடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தது. நர்ஸ் ஐந்நூறு தட்டுவார். திரை தனக்கென்று ஒரு பிரதி வைத்திருப்பதால் அதுவும் ஐந்நூறு என்றே காட்டும். உள்ளே இயந்திரம் மட்டும் தொள்ளாயிரம் வரைக்கும் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

சாதாரணமாக ஓடினால் ஒன்றும் ஆகாது. நடுவில் எதற்காவது நின்றால்தான் ஆபத்து. அடுத்த ஆள் ஒரு மணிக்கு வந்துவிடுவார் என்பதால், விட்ட நேரத்தைப் பிடிக்க இயந்திரம் தானாக வேகம் கூட்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் எட்டிப்பிடி. எட்டிப்பிடி ஓடும்போது அதை இழுத்துப் பிடிக்கிற ஒரே கை அந்த லிமிட்தான்.

அப்போதுதான் புதன்கிழமை ஞாபகம் வந்தது.

புதன்கிழமை அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் அப்படியே சோபாவில் சாய்ந்தார். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து இழுக்கிறது என்றார். உதடு வெளுத்திருந்தது. "இன்னிக்கு நடுவுல ஊசி அடச்சுக்கிச்சுடி, அர மணி நேரம் நிறுத்தி வெச்சிருந்தாங்க," என்று அம்மா சொன்னாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே, "பஸ் ஓட்டுன காலுப்பா, பிரேக்கத் தேடுது," என்று ஜோக் அடித்தேன். அப்பாவும் சிரித்தார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவோடு மையத்துக்குள் போனதும் போனை ஊமையாக்கிப் பைக்குள் போட்டுவிடுவாள். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை.

விசைப்பலகை மேல் என் கை இருந்தது. இதைச் சொல்லாமல் விடக்கூடாது. 'திஸ்' என்று நாலு ஆங்கில எழுத்து, ஒரு புள்ளி. மொத்தம் ஐந்து தட்டு. 'பட்டன் நிறம் சரிசெய்யப்பட்டது' என்ற குறிப்போடு சேர்த்து அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்பாவின் மையத்துக்கு மட்டும் ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்தச் சொல்லிவிடலாம். மற்ற இருபத்திரண்டுக்கும் சாயங்காலத்துக்குள் புதுப் பதிப்பு போய்விடும். சாயங்காலம் வரைக்கும் அங்கே யாருக்கும் ஊசி அடைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே?

அவ்வளவுதானே என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. ஐந்து தட்டும் தட்டிவிட்டேன்.

"என்ன சரவெடி, மழைல நனஞ்ச மாதிரி நமுத்துப் போயி உக்காந்திருக்க?"

மாமியார் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் நின்றார்.

"சார்..." நான், பேச்சை நிறுத்தாத நான், ஒரு வார்த்தை வராமல் திரையைக் காட்டினேன். 'திஸ்' போட்டதை அழித்துப் பழையபடி ஆக்கிக் காட்டினேன்.

அவர் குனிந்தார். ஒரு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார். அவர் முகத்தில் ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன். திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"இது எந்தப் பதிப்புல போச்சு?"

"செவ்வாக்கெழம போனதுல சார்."

"நான் பாத்து சரின்னு சொன்னதா?"

"ஆமா சார்."

"முன்னூறு எடம் தாண்டினதும் எனக்குக் கண்ணு சொருகிடுச்சு," என்றார், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல. அப்புறம் குரல் மாறியது. "எந்திரி. மையத்து நம்பர் லிஸ்ட்ட எடு. அவசரப் படிவத்த நான் பூர்த்தி பண்றேன், எழுதுனவங்க பேரு, சரி பாத்தவங்க பேரு, ரெண்டும் போடணும். ஆனா அது மேல போயி கையெழுத்தாகி வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் போன்தான்."

"சார், எங்கப்பா இப்ப அதுலதான் இருக்காரு."

பாட்டிலை மேசை மேல் வைத்தார். கை தவறி அது உருண்டு கீழே விழுந்தது, இரண்டு பேருமே எடுக்கவில்லை.

"அங்க மொதல்ல போடு," என்றார்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் 'காத்திருங்கள்' என்று சொல்லிவிட்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் கம்பெனி பெயரைச் சொல்லி, ஆறாம் நம்பர் நாற்காலிக்குப் போனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். போன் நடக்கிற சத்தம் கேட்டது. செருப்பு சத்தம், கதவு, பிறகு அந்த இயந்திரங்களின் ஹூம் என்ற ஒலி. எங்கள் சோதனை அறையில் தினமும் கேட்கிற ஒலிதான்.

"சொல்லுங்க, நர்ஸ் பேசறேன்."

"அக்கா, நாந்தான். ஆறாம் நம்பர் பொண்ணு."

"அட நீயா! அப்பா நல்லாத் தூங்கறாரும்மா. எதுக்கு இந்தப் பதட்டம்?"

"அக்கா, இன்னிக்கு நடுவுல மெஷின் எங்கயாச்சும் நின்னுச்சா?"

"நின்னுச்சே. பத்து மணிக்கு ஊசி அடச்சிடுச்சு, வேற எடத்துல குத்த வேண்டியதாப் போச்சு. பதினொன்னு பத்துக்குத்தான் மறுபடி ஓட்டினோம். இப்ப ஜம்முன்னு ஓடுது."

எழுபது நிமிடம்! எட்டிப்பிடி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மணி பதினொன்று இருபத்தைந்து.

"அக்கா, லிமிட் எவ்வளவு காட்டுது?"

"ஐநூறு. நாந்தானே போட்டேன்."

"அத நம்பாதீங்க. ஸ்க்ரீனு பொய் சொல்லுது. கீழ மூலைல 'எடுத்த அளவு'ன்னு ஒண்ணு ஓடும் பாருங்க, அது தனி மீட்டரு, அது சரியா இருக்கும். அது இப்ப எவ்வளவு?"

"அறுநூத்தி முப்பத்தி நாலு."

"சரியா ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி சொல்லுங்க அக்கா. கடிகாரத்தப் பாத்து."

மாமியார் பக்கத்து மேசையில் இன்னொரு மையத்தோடு பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார். மணிக்கு ஐந்நூறு என்றால் நிமிடத்துக்கு எட்டு. எட்டு என்று சொல்ல வேண்டும், எட்டு, எட்டு. அந்த ஒரு நிமிடத்தை நான் என்னவென்று சொல்ல? நொடி முள் நகர்ந்தது. கீழே உருண்ட பாட்டிலிலிருந்து தண்ணீர் என் செருப்புக்குள் வந்துகொண்டிருந்தது. போனில் ஒரு குறட்டை கேட்டது. அப்பாவுடையது. குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவில் இடைவெளி ரொம்ப நீளமாக இருப்பதாகப் பட்டது. எப்போதும் இப்படித்தானா? இருபத்துநாலு வருடமாக அடுத்த அறையில் கேட்கிறேன், ஒரு நாள்கூடக் கவனித்ததில்லை.

"அறுநூத்தி நாப்பத்தாறு," என்றார் நர்ஸ்.

பன்னிரண்டு.

"அக்கா நிறுத்துங்க. இப்பவே. நீர் எடுக்கறத மொத்தமா நிறுத்துங்க. பிரஷர் பாருங்க."

"என்னம்மா சொல்ற, இதோ ஐநூறுன்னு..."

"நிறுத்துங்கக்கா!"

அலுவலகம் மொத்தமும் திரும்பியது. போன் எங்கோ வைக்கப்பட்டது. ஹூம் ஒலி மாறியது. "சார், சார், கண்ணத் தொறங்க," என்று நர்ஸின் குரல். பதில் இல்லை. "சார்!" கன்னத்தில் தட்டுகிற சத்தம். "பிரஷர் எழுபது, நாப்பது. சேரைச் சாய், கால தூக்கு, சீக்கிரம், டாக்டரக் கூப்பிடு." அம்மாவின் குரல், "என்னங்க, ஏங்க, என்னங்க," என்று அதையே திரும்பத் திரும்ப. குறட்டை நின்றிருந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கம் என்று எல்லோரும் நினைத்தது தூக்கம்தானா என்றும் தெரியவில்லை. நான் "அப்பா, அப்பா" என்று போனுக்குள் கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் நாலு நிமிடம். போனின் பதிவில் இருக்கிறது.

"முழிச்சிட்டாரும்மா," என்று நர்ஸ் திரும்ப வந்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது. "தொண்ணூறுக்கு வந்துடுச்சு. என்னய்யா மெஷின் செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"கிளம்பறியா?" என்றார் மாமியார்.

கிளம்பத்தான் பையை எடுத்தேன். லிஸ்டைப் பார்த்தேன். அவர் இரண்டு முடித்திருந்தார், என்னுடையது ஒன்று. பாக்கி இருபது. பையை வைத்துவிட்டு அடுத்த எண்ணைப் போட்டேன். நடுவில் நின்று திரும்ப ஓடுகிற இயந்திரம் எது என்று ஒவ்வொரு மையத்திலும் கேட்டேன். "ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி சொல்லுங்க." எட்டு. அடுத்தது. ஏழு. அடுத்தது, பதினான்கு. அங்கே ஒரு அம்மா ஏற்கெனவே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்திருந்தார்களாம். பன்னிரண்டரைக்குள் எல்லா மையமும் முடிந்தது. நாலு இடத்தில் இயந்திரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சாகவில்லை. இதை எழுதும்போது அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்துச் சரிபார்த்தேன்.

நான் போனபோது அப்பாவின் கால்கள் தலையணை மேல் இருந்தன. முகம் சுண்ணாம்பு மாதிரி. அம்மா அவர் கையை விடவே இல்லை.

"வந்துட்டியா. உங்க கம்பெனி மெஷின் என்னக் கவுத்துடப் பாத்துச்சுடி," என்றார். சிரிக்க முயன்றார், உதடு ஒட்டிக்கொண்டது. "எந்தக் கழுதம்மா அது? கண்டுபிடிச்சீங்களா?"

"நாந்தாம்பா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் விருந்தாளி, வீட்டுக்காரர், பி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வண்டில வேகத்தக் கட்டுப்படுத்தற கவர்னர் இருக்கும்ல," என்றார் மெதுவாக. "அதக் கழட்டிட்டு, போர்டுல மட்டும் 'அம்பதுக்கு மேல போகாது'ன்னு எழுதி ஒட்டுன மாதிரி."

"ஆமாப்பா."

"வேணும்னு பண்ணலையே."

"இல்லப்பா. அழகா இருக்கும்னு பண்ணேன்."

என் தலையில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. இயந்திரத்தைப் பார்த்தபடி, "திங்கக்கெழம மறுபடி இதுலதானே உக்காரணும்?" என்று கேட்டார். அந்தக் குரலில் அப்பா பேசி நான் கேட்டதே இல்லை.

அதில்தான் உட்கார வேண்டும். வேறு வழி கிடையாது. வாரத்துக்கு மூன்று நாள்.

சனிக்கிழமை முழுக்க மாமியாரும் நானும் முன்னூற்றுப் பன்னிரண்டு இடத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஒருத்தர் சத்தமாகப் படிக்க, ஒருத்தர் விரல் வைத்துப் பார்க்க. பி திரும்ப வந்துவிட்டது. சோதனைக்கு இப்போது முன்னூற்றேழு, அறுநூற்றுப் பதின்மூன்று என்று யாருக்கும் வராத எண்களாகப் போடுகிறோம். விசாரணை இன்னும் முடியவில்லை. படிவத்தில் இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஆறாம் நம்பர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸ் ஐந்நூறு தட்டினார். திரை ஐந்நூறு என்றது. நான் அதைப் பார்க்கவில்லை, கீழ் மூலையைப் பார்த்தேன், கையில் கடிகாரம்.

அப்பா வழக்கமாகக் கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவார். அன்றைக்குத் தூங்கவில்லை.

"எவ்வளவு?" என்றார்.

"எட்டுப்பா."

ஒரு நிமிடம் போனது. இயந்திரம் ஹூம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது, பஸ் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது போல.

"இன்னொரு தடவ பாரு," என்றார்.